புரோகிராமிங் போட்டி ரிசல்ட்டை சேர்த்து ஆராய்றது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

மாணவர்களுக்கான புரோகிராமிங் போட்டி ரிசல்ட்ல பெரும்பகுதி நெட்ல திறந்தேதான் கிடக்கு, யார் வேணாலும் எடுக்கலாம், ஆனா எடுத்து வச்சு உட்கார்ந்து பார்க்குறவங்க ரொம்ப கம்மி. கோச்சிங் குடுக்குறவங்க, காலேஜ்ல புராஜெக்ட் பண்றவங்க, அடுத்த வருஷம் போட்டிக்கு போகப் போற பசங்க, போட்டிக்கு கேள்வி தயார் பண்றவங்க, இவங்க எல்லாருக்குமே இது நேரடியா உதவும். நான் சில வருஷமா இதை பண்ணிட்டு இருக்கேன், ஆரம்பத்துலயே யாராச்சும் சொல்லியிருந்தா எத்தனையோ ராத்திரி மிச்சமாயிருக்கும்னு தோணுற விஷயங்களை வரிசையா எழுதுறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. ரேங்க் லிஸ்ட்டை பார்த்ததும் இதுதான் டேட்டான்னு நினைச்சுடுவோம், ஆனா அது ஒரு விதியை போட்டு கணக்கு பண்ணி வந்த விடை, விதி மாறினா அதே டீம் அதே கோடு எழுதியிருந்தாலும் ரேங்க் மாறிடும். அதனால எந்தப் போட்டியை எடுத்தாலும் யார், எந்த நேரத்துல, எந்த கேள்விக்கு சப்மிட் பண்ணாங்க, என்ன வெர்டிக்ட் (சரியா தப்பாங்கிற தீர்ப்பு) வந்துச்சு, அந்த வருஷம் விதி என்ன, இவ்வளவும் சேர்ந்து கையில இருக்கணும். இது எல்லா போட்டிக்கும் கிடைக்காது, கிடைக்குற வரைக்கும் சேர்க்கணும்.

முதல் படி: கேள்வியை ஒரு வரில எழுதுங்க

டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுக்கணும்னு ஒரு வரி எழுதி வைங்க. "எல்லா வருஷ ரிசல்ட்டையும் சேர்க்கணும்" அப்படிங்கிறது கேள்வி இல்ல, அப்படி ஆரம்பிச்சவங்க பாதில விட்டுட்டு போறதைத்தான் நிறைய பார்த்திருக்கேன். "முதல் ஒரு மணி நேரத்துல ரெண்டு கேள்வி போட்ட டீம் கடைசில எங்க நிக்குது?", "தப்பான சப்மிஷன் அதிகமா வாங்கித் தர்றது எந்த மாதிரி கேள்வி?", "எங்க டீம் எந்த நேரத்துல தேங்கி நிக்குது?" இந்த மாதிரி சின்னதா இருக்கட்டும். கேள்வி தெளிவா இருந்தா டேபிள்ல எந்த காலம் (column) வேணும், எத்தனை போட்டி வேணும்னு தானா புரிஞ்சுடும். முதல் தடவை ஒரே ஒரு போட்டி போதும், சத்தியமா போதும்.

ரெண்டாவது படி: விதியை படிச்சு டேட்டா கூடவே எழுதி வைங்க

இங்கதான் நிறைய பேர் அவசரப்படுவாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். காலேஜ் மாணவர்களுக்கான சர்வதேச போட்டியான ஐ.சி.பி.சி.ன்னா மூணு பேர் ஒரு டீம், ஒரே ஒரு கம்ப்யூட்டர், அஞ்சு மணி நேரம். எத்தனை கேள்வி முடிச்சீங்கங்கிறதுதான் முதல் கணக்கு, சமமா இருந்தா பெனால்ட்டி. பெனால்ட்டின்னா முடிச்ச ஒவ்வொரு கேள்விக்கும் போட்டி ஆரம்பிச்சதுலேர்ந்து அக்செப்ட் ஆன நிமிஷம், அதோட அந்த கேள்விக்கு முன்னாடி வாங்கின ஒவ்வொரு தப்புக்கும் 20 நிமிஷம். முடிக்காத கேள்வில எத்தனை தப்பு வாங்கியிருந்தாலும் கணக்குல வராது. பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட், அதாவது ஐ.ஓ.ஐ., வேற மாதிரி. 1989ல பல்கேரியாவுல ஆரம்பிச்சது, ஒரு நாட்டுலேர்ந்து நாலு பேர் வரைக்கும் வருவாங்க, ஆனா தனித்தனியாத்தான் போட்டி போடுவாங்க. இப்போ வழக்கமா ரெண்டு நாள், நாளுக்கு மூணு கேள்வி, கேள்விக்கு 100 மார்க், மொத்தம் 600. பாதி சரியா செஞ்சாலும் அதுக்கு ஒரு பங்கு மார்க் உண்டு, நேரத்துக்கு பெனால்ட்டி கிடையாது. ஆக ஒரு இடத்துல வேகம் ரேங்க்கை மாத்தும், இன்னொரு இடத்துல மாத்தாது, இந்த ரெண்டு ரேங்க்கையும் ஒரே டேபிள்ல போட்டு ஒப்பிட்டா வர்ற விடைக்கு அர்த்தமே இருக்காது.

மெடல் கணக்கும் அப்படித்தான். ஐ.ஓ.ஐ.ல கலந்துக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு மெடல், தங்கம் வெள்ளி வெண்கலம் ஒண்ணுக்கு ரெண்டுக்கு மூணுங்கிற விகிதத்துல. 360 பேர் வந்தா சுமார் 30 தங்கம், 60 வெள்ளி, 90 வெண்கலம்னு வச்சுக்கோங்க. அப்போ ஆளுங்க எண்ணிக்கை கூடினா தங்கமும் கூடும். ஐ.சி.பி.சி.யோட கடைசி சுற்றான வேர்ல்ட் ஃபைனல்ஸ்ல வழக்கமா நாலு தங்கம், நாலு வெள்ளி, நாலு வெண்கலம், எத்தனை டீம் வந்தாலும் அந்த அளவுதான். "மெடல் எண்ணிக்கை"ன்னு ஒரே காலத்துல ரெண்டையும் போடுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. இன்னொண்ணு, வேர்ல்ட் ஃபைனல்ஸ் அதிகாரப்பூர்வ லிஸ்ட்ல மெடலுக்கு கீழ இருக்குறவங்களுக்கு பெனால்ட்டி பார்க்காம முடிச்ச கேள்வி எண்ணிக்கையை வச்சு மட்டும் ஒரே ரேங்க்கை நிறைய டீமுக்கு குடுத்திருப்பாங்க, அதுக்கும் கீழ ரேங்க்கே இல்லாம பேர் மட்டும் இருக்கும். அந்த இடத்தை நீங்களா 57, 58, 59ன்னு நிரப்பிடாதீங்க.

மூணாவது படி: எங்கேர்ந்து எடுக்குறது

ஐ.ஓ.ஐ.க்குன்னே தனியா ஒரு புள்ளிவிவர தளம் இருக்கு, வருஷ வாரியா, நாடு வாரியா, ஆள் வாரியா பார்க்கலாம். பழைய வருஷங்களை எடுக்கும்போது கீழ வரைக்கும் எல்லாரும் இருக்காங்களா, இல்ல மெடல் வாங்கினவங்க மட்டும்தானான்னு பாருங்க, ஜெயிச்சவங்க மட்டும் இருக்குற லிஸ்ட்டை வச்சு சராசரி மார்க் எடுத்தா போட்டி சுலபமா இருந்த மாதிரி தெரியும். ஐ.சி.பி.சி.ல ஃபைனல்ஸ் ஒரு இடத்துல, ரீஜனல் (வட்டார சுற்று) எல்லாம் வேற வேற இடத்துலன்னு சிதறி இருக்கும். டோம்ஜட்ஜ் மாதிரி போட்டி நடத்துற மென்பொருள்ல நடந்த போட்டியா இருந்தா ஈவென்ட் ஃபீட்னு ஒரு ஃபைல் இருக்கும், போட்டில நடந்த ஒவ்வொரு சப்மிஷனும் வெர்டிக்ட்டும் வரிசையா அதுல வந்துடும். போட்டி நடத்துனவங்ககிட்ட மரியாதையா ஒரு மெயில் போட்டு கேட்டுப் பாருங்க, எதுக்குன்னு சொன்னா பல பேர் சந்தோஷமா குடுப்பாங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது கோட்ஃபோர்சஸ்ங்கிற ஆன்லைன் போட்டி தளம்தான். அவங்களே ஏபிஐ (புரோகிராம் மூலமா டேட்டா எடுக்குற வழி) வச்சிருக்காங்க, போட்டி லிஸ்ட், ஸ்டாண்டிங்ஸ், எல்லா சப்மிஷனும், ரேட்டிங் மாற்றமும் ஜேசான்ல (புரோகிராம் சுலபமா படிக்கிற டெக்ஸ்ட் வடிவம்) வந்துடும், பேஜை சுரண்ட வேண்டிய வேலையே இல்ல. ஆனா ஒரு விஷயத்தை பார்த்துக்கணும். ஒரு போட்டியோட சப்மிஷன் எல்லாத்தையும் இறக்கினா அதுல போட்டி நேரத்துல பண்ணவங்க மட்டும் இருக்க மாட்டாங்க, முடிஞ்சப்புறம் பிராக்டீஸ் பண்ணவங்க, வர்ச்சுவலா (முடிஞ்ச போட்டியை அப்புறமா நேரம் வச்சு) எழுதினவங்க, ரேங்க்ல சேராம எழுதினவங்க எல்லாரும் கலந்து இருப்பாங்க. ஒவ்வொரு சப்மிஷன்லயும் பார்ட்டிசிபன்ட் டைப்னு ஒரு ஃபீல்டு இருக்கு, அதுல கன்டெஸ்டன்ட்னு இருக்குறதை மட்டும் வடிகட்டுங்க. வடிகட்டாம ஒருத்தர் நேரத்துக்கு சராசரி போட்டா விடை கோடிக்கணக்கான செகண்ட்ல வந்து நிக்கும், ஏன்னா பிராக்டீஸ் சப்மிஷனுக்கு நேரம்ங்கிற இடத்துல 2147483647னு ஒரு நிரப்பு எண்ணைத்தான் போட்டிருப்பாங்க. அது குறியுள்ள (signed) 32 பிட் முழு எண்ல அடங்குற அதிகபட்ச எண், நேரமே இல்லங்கிறதுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

நாலாவது படி: இறக்குறது

அவசரப்படாம இறக்குங்க. கோட்ஃபோர்சஸ் ஏபிஐக்கு ரெண்டு செகண்டுக்கு ஒரு ரிக்வெஸ்ட்டுங்கிறது விதி, மத்த தளங்கள்ல விதி எழுதலைன்னாலும் அதே அளவு இடைவெளி விடுங்க, தளத்தோட ரோபாட்ஸ் ஃபைல்ல (புரோகிராம் எதை எடுக்கலாம்னு சொல்ற ஃபைல்) எடுக்க வேண்டாம்னு சொல்லியிருந்தா எடுக்காதீங்க. நிறைய போட்டி தளங்களை ஆர்வத்துல கொஞ்ச பேர்தான் நடத்துறாங்க, போட்டி நடந்துட்டு இருக்குற நேரத்துல போய் அவங்க சர்வரை இழுக்குறது நியாயமே இல்ல.

இறக்கினதை அப்படியே ஒரு ஃபோல்டர்ல போட்டு பூட்டுங்க. ஹெச்.டி.எம்.எல். ஆகட்டும், ஜேசான் ஆகட்டும், பி.டி.எஃப். ஆகட்டும், கை வைக்காத ஒரிஜினல் ஒண்ணு இருக்கணும், ஃபைல் பேர்லயே எந்த தேதில எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு இருக்கணும். இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு ரீஜனல் போட்டி ஸ்கோர்போர்டை எடுத்து ரெண்டு வாரம் கிராஃப் எல்லாம் போட்டு, கடைசி ஒரு மணி நேரத்துல யாருமே ஒண்ணும் முடிக்கலைன்னு ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதி முடிச்சுட்டேன், அப்புறம்தான் உறைச்சது, நான் எடுத்தது ஃப்ரீஸ் ஆன ஸ்கோர்போர்டு. ஐ.சி.பி.சி. பாணி போட்டில வழக்கமா கடைசி ஒரு மணி நேரம் போர்டை உறைய வச்சிடுவாங்க, பரிசளிப்புலதான் திறப்பாங்க. எடுத்த நேரத்தை எழுதி வச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன். முடிஞ்சப்புறமும் ரிசல்ட் மாறும், ரீஜட்ஜ் (சப்மிஷனை திரும்ப மதிப்பிடுறது) நடக்கும், காப்பி அடிச்சவங்களை எடுப்பாங்க, அதனால போட்டி முடிஞ்சு சில நாள் கழிச்சு இன்னொரு தடவை எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

அஞ்சாவது படி: டேபிளா மாத்துறது

ஒரு சப்மிஷனுக்கு ஒரு வரி. போட்டி, டீம், கேள்வி, ஆரம்பிச்சதுலேர்ந்து எத்தனையாவது செகண்ட், வெர்டிக்ட், லாங்குவேஜ், இது போதும். ஸ்கோர்போர்டு மட்டும்தான் கிடைச்சுதுன்னா ஒரு டீமோட ஒரு கேள்விக்கு ஒரு வரி, எத்தனை முயற்சி, எத்தனையாவது நிமிஷம் முடிஞ்சுது. முடிக்கலைன்னா நிமிஷம் காலியா இருக்கணும், 0 போடாதீங்க, 300ம் போடாதீங்க. போட்டியை பத்தின விவரம், விதி எல்லாம் தனி டேபிள். சின்ன அளவுக்கு ஷீட்ஸ் போதும், பெருசானா எஸ்கியூலைட்டும் (சின்ன டேட்டாபேஸ்) பைத்தான்ல பாண்டாஸும் (டேபிளை கையாளுற லைப்ரரி) தாராளமா போதும், அதுக்கு மேல எதுவும் வேண்டாம்.

எக்செல்ல திறக்குறவங்க இதை கவனிங்க. சில ஸ்கோர்போர்டுல ஒரு கட்டத்துக்குள்ள 2/11னு இருக்கும், ரெண்டாவது முயற்சில 11வது நிமிஷம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். எக்செல் அதை தேதின்னு நினைச்சு மாத்திடும். அதே காலத்துல 1/133 தேதி ஆக முடியாதுங்கிறதால எழுத்தாவே இருந்துடும், ஆக பாதி கட்டம் கெட்டுப்போயி பாதி நல்லா இருக்கும், மேலோட்டமா பார்த்தா தெரியவே தெரியாது, அதுவும் வேகமா முடிச்ச நல்ல டீம்களோட கட்டம்தான் அதிகமா கெடும். அதனால ஃபைலை டபுள் க்ளிக் பண்ணி திறக்காம, இம்போர்ட் வழியா போயி எல்லா காலத்தையும் டெக்ஸ்ட்னு சொல்லி திறங்க. எழுத்து வகை (encoding) யூ.டி.எஃப். 8னும் குடுங்க, இல்லன்னா பேர்ல இருக்குற எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாறிடும்.

ஆறாவது படி: சரி பார்க்குறது, இதை மட்டும் தாண்டிடாதீங்க

ரேங்க்கை நீங்களே திரும்ப கணக்கு போட்டு பார்க்கணும். ஒரு டீமை எடுத்துக்கோங்க. ஏ கேள்வி 12வது நிமிஷம் முதல் முயற்சிலயே, டி கேள்வி ரெண்டு தப்புக்கு அப்புறம் 47வது நிமிஷம், எஃப் கேள்வி ஒரு தப்புக்கு அப்புறம் 133வது நிமிஷம், ஜி கேள்வில அஞ்சு தப்பு, முடிக்கல. கணக்கு: 12, அப்புறம் 47 கூட 40 சேர்த்து 87, அப்புறம் 133 கூட 20 சேர்த்து 153. மொத்தம் 252. ஜி கேள்விக்கு எதுவும் இல்ல. ஸ்கோர்போர்டுல 252ன்னு இருந்தா உங்க டேபிள் சரி. 272ன்னு இருந்தா ஒரு தப்பை எங்கயோ விட்டிருக்கீங்க, இல்ல நீங்க தள்ளிட்ட ஒரு கம்பைல் எர்ரரை (கோடு ஓடுறதுக்கு முன்னாடியே வர்ற பிழை) அந்தப் போட்டில தப்பா எண்ணியிருக்காங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷம் மட்டும் வித்தியாசம் வந்தா செகண்டை வெட்டுறதுல பிரச்சனை, 47 நிமிஷம் 59 செகண்ட்னா பெரும்பாலும் 47ன்னுதான் எடுப்பாங்க, 48 ஆக்க மாட்டாங்க. இதை எல்லா டீமுக்கும் ஓட்டி எல்லாமே பொருந்துற வரைக்கும் அடுத்த படிக்கு போகாதீங்க. பொருந்தாத ஒவ்வொரு டீமும் விதியை பத்தி உங்களுக்கு ஏதோ சொல்லிக் குடுக்குது.

ஏழாவது படி: பேரும் வருஷமும்

பல வருஷ டேட்டாவை இணைக்கும்போது பாதி வேலை இதுலதான் போகும். ஒரு உதாரணம், பெலாரஸ் நாட்டு கெனாடி கொரோட்கெவிச், இந்தத் துறைல இருக்குற எல்லாருக்கும் தெரிஞ்சவர். ஐ.ஓ.ஐ.ல 2006லேர்ந்து 2012 வரைக்கும் கலந்துக்கிட்டார், ஐ.சி.பி.சி.ல 2013லயும் 2015லயும் ரஷ்யாவோட ஐ.டி.எம்.ஓ. யுனிவர்சிட்டி டீம்ல இருந்து ஜெயிச்சார், கோட்ஃபோர்சஸ்ல அவர் பேர் டூரிஸ்ட். பெலாருஷ்ய உச்சரிப்புப்படி ஆங்கில எழுத்துல எழுதினா பேரோட முதல் எழுத்தே மாறிடும், ஹ சத்தத்துல ஆரம்பிக்கும். கம்ப்யூட்டருக்கு இது மூணு தனித்தனி ஆள். அதே ஐ.டி.எம்.ஓ. யுனிவர்சிட்டி பேரும் பழைய லிஸ்ட்ல நீளமா வேற மாதிரி இருக்கும். சோவியத் யூனியன், யுகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியான்னு பழைய ஐ.ஓ.ஐ. லிஸ்ட்ல இப்போ இல்லாத நாடுகளும் வரும், அதை இப்போ இருக்குற எந்த நாட்டோட கணக்குலயும் சத்தமில்லாம சேர்த்துடாதீங்க, தனியாவே வைங்க. பேரை மாத்துறப்ப ஒரிஜினல் பேர் ஒரு காலம், நீங்க முடிவு பண்ண அடையாள எண் இன்னொரு காலம், ஏன் இணைச்சீங்கன்னு குறிப்பு இன்னொரு காலம். சாஃப்ட்வேர் வச்சு ஒத்த பேரை தேடலாம், முடிவை மட்டும் கண்ணால பார்த்து எடுங்க.

வருஷமும் ஏமாத்தும். ஐ.சி.பி.சி.யோட 2020 வேர்ல்ட் ஃபைனல்ஸ் நடந்தது 2021 அக்டோபர்ல, மாஸ்கோவுல. 2021க்கானது 2022 நவம்பர்ல டாக்காவுல. 2022க்கும் 2023க்கும் ரெண்டையும் சேர்த்து 2024 ஏப்ரல்ல எகிப்துல லக்ஸர்ல நடத்துனாங்க. அதனால "போட்டியோட வருஷம்", "நடந்த தேதி"ன்னு ரெண்டு காலம் கட்டாயம் வேணும், ஒண்ணே ஒண்ணு வச்சா 2024ல ஏன் இத்தனை டீம்னு முழிச்சுட்டு உட்காருவீங்க. ஐ.ஓ.ஐ. 2020லயும் 2021லயும் ஆன்லைன்ல நடந்துச்சு, அந்த ரெண்டு வருஷத்தை மத்ததோட ஒப்பிடும்போது தனியா குறிச்சு வைங்க.

எட்டாவது படி: இப்பதான் ஆராய்ச்சி

முதல் கிராஃப் ரொம்ப சிம்பிளா இருக்கட்டும், எத்தனை டீம் எத்தனை கேள்வி முடிச்சாங்கன்னு ஒரு பார் சார்ட். 0 முடிச்சவங்க ஒரு குவியலா நின்னா சுலபமான கேள்வி போதலன்னு அர்த்தம், எல்லாம் முடிச்சவங்க நிறைய இருந்தா மேல கஷ்டம் போதல. அடுத்தது ஒவ்வொரு கேள்விக்கும் மூணு எண்: எத்தனை டீம் முயற்சி பண்ணாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, முதல்ல முடிஞ்சது எத்தனையாவது நிமிஷம். முயற்சியே பண்ணாத கேள்வியும், முயற்சி பண்ணி தோத்த கேள்வியும் ஒண்ணு கிடையாது. எழுபது டீம் தொட்டு நாலு பேர் மட்டும் முடிச்ச கேள்வில ஏதோ பொறி இருக்கு, கேள்வியை போய் படிச்சுப் பார்த்தா ஓவர்ஃப்ளோவோ (எண் அளவை மீறுறது), ஓரக் கேஸோ (எல்லைல நிக்குற அபூர்வ இன்புட்) தட்டுப்படும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச பகுதியே இதுதான், எண்ணை பார்த்துட்டு கேள்வித்தாளை திறக்குறது.

நேரத்தை வச்சு கஷ்டத்தை அளக்கும்போது பெரிய குழி ஒண்ணு இருக்கு. ஹெச் கேள்வியை மூணே டீம் 60, 75, 90வது நிமிஷத்துல முடிச்சாங்கன்னு வச்சுக்கோங்க, சராசரி 75. சி கேள்வியை 80 டீம் முடிச்சு சராசரி 130. அப்போ ஹெச் சுலபமா? கிடையாது, ஹெச்சை தொட முடிஞ்சவங்களே கில்லாடிங்க மட்டும்தான். முடிக்காத டீம்களுக்கு "நேரம் இல்ல"ன்னு அர்த்தம் கிடையாது, "300 நிமிஷத்துக்குள்ள முடியல"ன்னு அர்த்தம். இந்த மாதிரி பாதில அறுந்த நேரத்துக்குன்னே 1958லேர்ந்து கப்லான் மையர்னு ஒரு முறை இருக்கு, மருத்துவ ஆராய்ச்சில நோயாளிகளை பின்தொடர்ற கணக்குக்கு அதிகமா பயன்படுது, இங்கயும் அப்படியே பொருந்தும், பைத்தான்ல ரெடியா லைப்ரரி இருக்கு. அதெல்லாம் வேண்டாம்னா "பாதி டீம் முடிக்க எத்தனை நிமிஷம் ஆச்சு"ன்னு மட்டும் பாருங்க, பாதி பேர் முடிக்கவே இல்லன்னா அதையே எழுதுங்க.

இன்னொரு குழி, வடிகட்டி வந்தவங்களை மட்டும் பார்க்குறது. ஃபைனல்ஸ் வந்த டீம்களோட ரீஜனல் ரேங்க்கையும் ஃபைனல்ஸ் ரேங்க்கையும் ஒப்பிட்டா சம்பந்தம் ரொம்ப லேசாத்தான் தெரியும், உடனே ரீஜனல் வேஸ்ட்னு முடிவு பண்ணிடாதீங்க, ரீஜனல்ல கீழ இருந்தவங்க ஃபைனல்ஸ்க்கே வரல, வந்தவங்க எல்லாம் ஏறக்குறைய ஒரே தரம். அதே மாதிரி ஒரு காலேஜ் போன வருஷம் முதலிடம், இந்த வருஷம் இருபதாவதுன்னா பயிற்சி கெட்டுப்போச்சுன்னு எழுதாதீங்க. ஒருத்தர் ரெண்டு தடவைக்கு மேல வேர்ல்ட் ஃபைனல்ஸ்ல கலந்துக்க முடியாது, ஆளே மாறியிருப்பாங்க, அதுவும் இல்லாம உச்சத்துல இருந்த எதுவும் அடுத்த தடவை கொஞ்சம் இறங்குறது இயல்பு.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடணும்னா மார்க்கை நேரா ஒப்பிட வேண்டாம், ஒரு வருஷ கேள்வி சுலபம், ஒரு வருஷம் கஷ்டம். நூறு பேர்ல எத்தனை பேரை விட மேல இருக்கார்னு மாத்திக்கிட்டு ஒப்பிடுங்க.

கடைசி படி: மத்தவங்களுக்கு குடுக்குறது

டேட்டாவை வெளியிடுறதா இருந்தா ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க. இதுல நிறைய பேர் பள்ளிக்கூட பசங்க. பேர் ஏற்கனவே வெளிய இருக்கலாம், ஆனா பேர், பள்ளி, வயசு, எத்தனை தப்பு பண்ணாங்க எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல சேர்த்து தேடுற மாதிரி வைக்குறது வேற விஷயம். ஒரு பதினஞ்சு வயசு பிள்ளை ஒரு கேள்விக்கு பதினேழு தடவை தப்பா சப்மிட் பண்ணது பத்து வருஷம் கழிச்சு அவங்க பேரை தேடுனா வரக்கூடாது. ஆராய்ச்சிக்கு பேர் தேவையே இல்ல, எண் போதும், பேர்-எண் பட்டியலை தனியா உங்ககிட்டயே வச்சுக்கோங்க. யாராவது என்னோடதை எடுங்கன்னு கேட்டா காரணம் கேட்காம எடுத்துடுங்க.

கூடவே ஒரு ரீட்மீ ஃபைல் வைங்க: எங்கேர்ந்து எடுத்தது, எந்த தேதில, எந்த விதி, எந்த டீம்களை ஏன் விட்டீங்க, எந்த பேரை எதோட இணைச்சீங்க, பெனால்ட்டியை திரும்ப போட்டு பார்த்ததுல எத்தனை டீமுக்கு பொருந்தல. கடைசியா சொன்ன அந்த எண்ணை மறைக்காம எழுதுங்க, மூணு டீமுக்கு பொருந்தலன்னா மூணுன்னே போடுங்க, அடுத்து அதை எடுத்துப் பார்க்குற யாராவது ஒருத்தர் அந்த மூணுக்கும் காரணம் கண்டுபிடிச்சு உங்களுக்கு எழுதுவாங்க.